பாதத்தில் ஊர்ந்த எறும்புகள்

மலாமாவின் காலில் எறும்பு ஊரத் தொடங்கியது நவம்பர் மாதம், பருத்தி எடுப்பு முடிந்த வாரத்தில். எறும்பு என்று அவள்தான் சொன்னாள். பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி, பெருவிரலிலிருந்து குதிகால் வரை திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தடிப்பில்லை, சிவப்பில்லை. கண்ணை எடுத்ததும் மறுபடியும் ஊரும். சில நாட்களில் ஊர்வது போய் எரிச்சல் வரும், மிளகாய் நறுக்கிய கையால் பாதத்தைத் தேய்த்துவிட்டதுபோல.

முதலில் சோப்பை மாற்றினாள். பிறகு கம்பளிக் காலுறைகளை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். கடைசியில் மெத்தையை முற்றத்துக்கு இழுத்து வந்து வெயிலில் போட்டு அடித்தாள்.

"மூட்டைப்பூச்சின்னா என்னையும்தானே கடிக்கணும்?" என்றான் அவள் கணவன் ஸ்டெர்யோஸ், கைகட்டி வேடிக்கை பார்த்தபடி. "என் ரத்தம் அதுக்குப் பிடிக்கலையா?"

"உன் ரத்தத்துல பாதி சாராயம். குடிச்ச பூச்சி எங்கயாவது மயங்கிக் கிடக்கும்."

வேறு ஊராக இருந்திருந்தால் பேச்சு இத்தோடு முடிந்திருக்கும். வட கிரீஸின் செரெஸ் சமவெளியில் இருந்த அந்த ஊரில் முடியவில்லை. அங்கே கால் எரிவதற்கு ஓர் அர்த்தம் இருந்தது.

அந்த ஊர்க்காரர்களின் முன்னோர்கள் கிழக்கே திரேஸ் பகுதியிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். வரும்போது பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு, புனித கான்ஸ்டன்டைனும் ஹெலனாவும் இருக்கும் படங்களை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே இருபத்தொன்றாம் தேதி, பொழுது சாய்ந்ததும், அந்தப் படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு தணல்மேல் ஆடுவார்கள். புனிதர் என்று யாரும் சொல்வதில்லை. தாத்தா என்றுதான் சொல்வார்கள். யார் ஆடுவது என்று மனிதர்கள் தீர்மானிப்பதில்லை, தாத்தா கூப்பிடுவார். அவர் கூப்பிடுவது உடம்பில் தெரியும். ஒருவருக்கு நெஞ்சு அடைக்கும், இன்னொருவருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். பாதம் எரியும்.

மலாமா அந்த ஊரில் பிறந்தவள் அல்ல, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருபத்தெட்டு ஆண்டுகளாக அவளுக்கு அந்த விழாவில் ஒரே வேலை. தணலின் ஓரத்தில் நின்று ஆடுகிறவர்களின் செருப்புகளைக் காப்பாள். அவர்கள் வெளியே வந்ததும் வாளித் தண்ணீரில் துண்டை நனைத்துச் சாம்பலைத் துடைத்துவிடுவாள். ஒன்பது பேர் ஆடுவார்கள். ஒன்பது பேரின் பாதங்களையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வாள். ஸ்டெர்யோஸின் அக்கா கிராத்ஸோவின் பாதத்தில் பெருவிரல் எலும்பு புடைத்து வெங்காயம்போல இருக்கும். கிராத்ஸோ இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆடுகிறவள். துடைக்கும்போது ஒவ்வொரு முறையும் கீழே குனிந்து, "உனக்கும் ஒரு நாள் வரும்டி" என்று சொல்லுவாள். பிறந்த ஊர்க்காரி வெளியூர்க்காரியிடம் சொல்லும் குரலில் சொல்லுவாள்.

அது எவ்வளவு வலித்தது என்று மலாமா யாரிடமும் சொன்னதில்லை.

ஜனவரியில் புனித அதனாசியோஸ் நாளன்று எல்லாரும் கொனாக்கியில் கூடினார்கள். படங்களும் பறையும் வைத்திருக்கும் பெரிய அறைக்கு அதுதான் பெயர். லிரா என்ற நரம்பு வாத்தியமும் பறையும் சேர்ந்து ஒலித்தன. தாத்தா கூப்பிட்டவர்கள் அன்று நெருப்பில்லாமல் ஆடுவார்கள். மலாமா சுவரோரம் நின்றிருந்தாள். பாதம் தீயாய் எரிந்தது. நின்றிருக்க முடியாமல் இரண்டடி எடுத்து வைத்தாள். பறைச் சத்தத்தில் மனம் கரைந்து கண்ணை மூடினாள். மூடிய அடுத்த நொடி தரை நழுவியது. உடம்பு முன்னும் பின்னும் அசைந்தது. கைகள் காற்றைப் பிடித்தன. விழாமல் இருக்க ஓர் அடி, இன்னோர் அடி என்று தடுமாறி அறையின் நடுவுக்கே வந்துவிட்டாள்.

"வந்துட்டார்!" என்று கத்தினாள் கிராத்ஸோ. "பாருங்கடா, தாத்தா அவளைப் பிடிச்சுட்டார்!"

பறை அடிக்கிறவன் வேகத்தைக் கூட்டினான். பெண்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். குழுவின் தலைவர் பஸ்காலிஸ், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், எதையும் இருமுறை பார்த்த பிறகே பேசுகிறவர், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் ஓய்ந்ததும் பெட்டியைத் திறந்து, தணலில் ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கும் சிவப்புக் கைக்குட்டைகளில் ஒன்றை எடுத்து, தனியாக மடித்து வைத்தார்.

"மே மாசம் பாப்போம், மலாமா" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஊரில் வேறு மனுஷியாக நடந்தாள். ரொட்டிக் கடைக்காரி நன்றாகச் சிவந்த ரொட்டியை அவளுக்கென்று எடுத்து வைத்தாள். பெரியவர்கள் காபிக் கடையிலிருந்து கை தூக்கினார்கள். எறும்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியபோது அவளுக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

ஏப்ரலில் அவளுடைய செருப்பு தொலைந்தது.

கோழிக்குத் தீவனம் போட்டுவிட்டு முற்றத்தைக் கடந்து வந்தவள், சமையலறை வாசலில் நின்றுதான் கீழே பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், இருபதடி பின்னால் சேற்றில் செருப்பு கிடந்தது. கழன்றதே தெரியவில்லை. சேற்றில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை.

டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்டெர்யோஸ் எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

"மலாமா, டாக்டரைப் பாரு."

"தாத்தா கூப்பிடுறதுக்கு டாக்டரா?"

"தாத்தா செருப்பு திருடுவாரா?"

அவள் திரும்பிப் போய்ச் செருப்பைச் சேற்றிலிருந்து எடுத்தாள். அவனிடம் சொல்லாத வேறொன்றும் இருந்தது. காலையில் முகம் கழுவும்போது, சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடினால், அவள் முன்னால் சாய்ந்து தொட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். இரண்டு முறை நடந்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவினாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை, போர்வையை விலக்கியபோது வலது பாதத்தின் மேல்புறத்தில் கோழிமுட்டை அளவில் ஒரு கொப்புளம் இருந்தது. இரவு குளிருக்காகக் கால்மாட்டில் வெந்நீர்ப் பை வைத்திருந்தாள். பையின் உறை கழன்றிருந்தது. இரவெல்லாம் பாதம் அதன்மேலேயே கிடந்திருக்கிறது.

சிவப்பு முட்டையும் இனிப்பு ரொட்டியும் கொண்டு வந்த கிராத்ஸோ கொப்புளத்தைப் பார்த்ததும் கண்கள் மின்ன உட்கார்ந்தாள்.

"வலிச்சுதா?"

"தெரியவே இல்லை அண்ணி."

"பாத்தியா! நெருப்பு இப்பவே உன்கிட்ட தோத்துப்போச்சு."

மலாமா கொப்புளத்தையே பார்த்தாள். இருபத்தெட்டு ஆண்டுகள் பாதம் துடைத்தவள் அவள். தணலிலிருந்து வந்த ஒன்பது பேரின் பாதங்களில் சாம்பல் இருக்கும், கரி இருக்கும். கொப்புளம் ஒன்றை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அண்ணி, நீங்க உள்ள ஆடும்போது நெருப்பு தெரியுமா, தெரியாதா?"

"இது என்ன கேள்வி? தெரியாம எப்படி? கால் எங்க வைக்கிறேன்னு ஒவ்வொரு கங்கும் தெரியும். சுடாது, அவ்வளவுதான்."

"எனக்குச் சுட்டிருக்கு. ஆனா தெரியலை."

கிராத்ஸோ முட்டையின் ஓட்டை உரிப்பதில் மும்முரமானாள். "பண்டிகை நாள்ல குதர்க்கம் பேசாதே" என்றாள்.

ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். அந்த ஆண்டு கிராமச் சேவைக்கு வந்திருந்தவள் ஆர்கிரோ, கிரீட் தீவுக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. காபிக் கடையில் அவளைப் பற்றி இரண்டு புகார்கள் உண்டு: ஊசியை வலிக்கும்படி போடுகிறாள், காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறாள். மலாமா செவ்வாய்க்கிழமை போனாள். கட்டுப் போட மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் கொப்புளத்தைச் சுத்தம் செய்தாள். பிறகு தலை தூக்கினாள்.

"எப்படி ஆச்சு?"

"வெந்நீர்ப் பை."

"எவ்வளவு நேரம்?"

"ராத்திரி பூரா."

"ராத்திரி பூரா காலு வெந்துட்டு இருந்திருக்கு, நீங்க தூங்கிட்டு இருந்திருக்கீங்க. அம்மா, நான் வந்து ஏழு மாசம் ஆச்சு. இந்த ஊர்ல காலைப் பத்தி என்கிட்ட யாரும் பேசுறதே இல்லை. நீங்களாவது பேசுங்க."

மலாமா பேசினாள். எறும்பு, எரிச்சல், செருப்பு, தொட்டி எல்லாம் வந்தது. டாக்டர் எழுதிக்கொள்ளாமல் கேட்டாள்.

"ஒரு காலா, ரெண்டு காலுமா?"

"ரெண்டும்."

"எதுவரைக்கும்?"

மலாமா கெண்டைக்காலின் நடுவைக் காட்டினாள்.

"விரல்?"

"இப்பக் கொஞ்ச நாளா கைவிரல் நுனியிலயும். ஊசில நூல் கோக்க முடியலை. கண்ணு போச்சுன்னு நினைச்சேன்."

டாக்டர் பஞ்சால் தொட்டாள், பிறகு ஊசிமுனையால். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அது அதிரும்போதே கணுக்கால் எலும்பில் வைத்தாள். "உறுமுதா?" என்று கேட்டாள். முழங்காலில்தான் உறுமியது. கீழே வெறும் குளிர்ந்த இரும்புகூட இல்லை, ஒன்றுமே இல்லை.

"எழுந்து நில்லுங்க. காலைச் சேத்து வையுங்க. நான் பக்கத்துல இருக்கேன். இப்பக் கண்ணை மூடுங்க."

மலாமா கண்ணை மூடினாள். தரை நழுவியது. உடம்பு முன்னும் பின்னும் அசைந்தது. கைகள் காற்றைப் பிடித்தன. இரண்டு கைகள் அவள் தோளைப் பற்றி நிறுத்தின.

அறையில் பறை இல்லை, படங்கள் இல்லை. மருந்து நாற்றமும் சுவரில் தடுப்பூசிப் படமும் இருந்தன. ஆனால் ஜனவரியில் கொனாக்கியில் நடந்ததேதான் மறுபடி நடந்தது என்று மலாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப அவர் கூப்பிடலையா?"

டாக்டருக்கு ஊரைப் பற்றித் தெரியும். அவள் சிரிக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாதும்மா. அதைச் சொல்ற படிப்பு நான் படிக்கலை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கண்ணைத் திறந்திருக்கும்போது தரை எங்க இருக்குன்னு கண்ணு சொல்லுது. மூடினா காலு சொல்லணும். உங்க காலு சொல்ல மாட்டேங்குது. எறும்பு ஊர்றது தோல்ல இல்லை, நரம்புல. சர்க்கரை உண்டா?"

"இல்லை."

"தைராய்டு? தினமும் சாப்பிடுற மாத்திரை? குடி?"

"குடிக்கிறதுக்கு வீட்ல வேற ஆள் இருக்கு."

"சின்ன அம்மை மாதிரி கொப்புளம், முதுகுவலி, கழுத்துவலி? சிறுநீர் அடக்க முடியாமப் போறது?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"ஆபரேஷன் ஏதாவது?"

"ஆறு வருஷம் முன்னாடி. குடல்புண் வெடிச்சு ரத்தம் கொட்டிடுச்சு. தெசலோனிக்கி ஆஸ்பத்திரில வயித்துல பாதியை எடுத்துட்டாங்க. தாத்தாதான் காப்பாத்தினார்."

டாக்டர் கையிலிருந்த கவையை மேசைமேல் வைத்தாள். "அந்தக் காகிதம் எங்க?"

காகிதம் வீட்டில், சாமி மூலையில், தாத்தாவின் படத்துக்குப் பின்னால் இருந்தது. உயிரோடு திரும்பி வந்த அன்று மலாமாதான் நன்றியாக அங்கே செருகி வைத்தாள். அதற்குப் பிறகு விளக்கேற்றும்போது படத்தை முத்தமிடுவாளே தவிர, திருப்பிப் பார்த்ததில்லை. வாசலில் காத்திருந்த ஸ்டெர்யோஸ் டிராக்டரிலேயே வீட்டுக்குப் போய், படத்தையும் காகிதத்தையும் சேர்த்தே கொண்டு வந்து மேசைமேல் வைத்தான்.

நான்காய் மடித்த காகிதத்தை டாக்டர் பிரித்தாள். கடைசி வரிக்கு முந்தின வரியில் விரல் நின்றது.

"பி12 ஊசி, மாதம் ஒன்று, வாழ்நாள் முழுதும்னு எழுதியிருக்கு."

"நாலு போட்டுக்கிட்டேன். அப்புறம் நல்லாயிட்டேனே? விட்டுட்டேன்."

"பாதி வயிறு போனா அந்தச் சத்தைச் சாப்பாட்டுலேர்ந்து உடம்பால எடுக்க முடியாது. ஈரல்ல சேத்து வெச்சிருந்ததைச் செலவு பண்ணிச் சில வருஷம் ஓட்டும். அது தீர்ந்துடுச்சு. நரம்பு பட்டினி கிடக்கு." அவள் படத்தைப் பார்த்தாள். தாத்தா, மகுடமும் சிலுவையுமாக நிமிர்ந்து நின்றார். "பாவம், உங்க தாத்தா ஆறு வருஷமா இந்தச் சீட்டை முதுகுல சுமந்துக்கிட்டு நிக்கிறார். யாரும் வாங்கிப் படிக்கலை."

ஸ்டெர்யோஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டாள் மலாமா.

"பெரும்பகுதி வரலாம். ஆறு மாசத்துக்கு மேல ஆகலை, அது நல்லது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா கம்பு ஊனி நடப்பீங்க, அப்புறம் நடக்கவே மாட்டீங்க. இப்ப ரத்தம் எடுத்து செரெஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். ஊசியை இன்னைக்கே ஆரம்பிக்கிறேன், முடிவுக்குக் காத்திருக்கப் போறதில்லை. ஒரு விஷயம். நெருப்பு கூடாது. இந்த வருஷம் கூடாது."

"கோயில் விவகாரத்துல நீங்க தலையிடுறீங்களா?" என்றாள் மலாமா.

"கால் விவகாரத்துல தலையிடுறேன். தணல்ல ஒரு ஆணி கிடந்தா உங்களுக்குத் தெரியாது. நீங்க நின்னுட்டே இருப்பீங்க."

ஊசி வலித்தது. காபிக் கடைப் புகாரில் ஒன்று உண்மைதான்.

நான்கு நாளில் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. பி12 இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. ஊருக்கு அதற்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது. அவள் நுழைந்ததும் ரொட்டிக் கடையில் பேச்சு நின்றது. கிராத்ஸோ முற்றத்தில் வந்து நின்று, உள்ளே வராமலே பேசினாள்.

"ஒரு ஊசிக்குத் தாத்தாவை வித்துட்ட."

"விக்கலை அண்ணி. அவர் முதுகுல இருந்ததைப் படிச்சேன்."

"இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து, கைக்கு வந்ததை எவளாவது தள்ளுவாளா? வெளியூர்க்காரி புத்தி!"

அந்தச் சொல்லை இருபத்தெட்டு ஆண்டுகளில் முதல் முறையாகக் கிராத்ஸோ வாய்விட்டுச் சொன்னாள். பிறகு கிராத்ஸோ கதவைச் சாத்தாமல் போய்விட்டாள்.

விழாவுக்கு முந்தைய நாள் கொனாக்கியில் எல்லாரும் இருந்தார்கள். பஸ்காலிஸ் தூபம் காட்டிய கைக்குட்டைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். மலாமாவின் முன் நின்று, மடித்து வைத்திருந்த பத்தாவதை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, நாளை உள்ளே போகாமல் ஓரத்தில் நின்றுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை என்று அவள் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். கை நீளவில்லை.

"பஸ்காலிஸ் மாமா, எனக்கு இது வேண்டாம்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"தாத்தா என்னைக் கூப்பிட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியலை. என் காலு எனக்கு எதுவுமே சொல்றதில்லை. செருப்பு கழன்டதைச் சொல்லலை. வெந்நீர் சுட்டதைச் சொல்லலை. அது சொன்னதை நம்பி நான் எப்படி உள்ள வருவேன்? அன்னைக்கு இங்க நான் ஆடலை. விழாம இருக்கப் பாத்தேன். அவ்வளவுதான்."

கிராத்ஸோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்காலிஸ் கைக்குட்டையை மறுபடியும் மடித்தார், மூலைக்கு மூலை சேர்த்து, தபாலை மடிப்பதுபோல.

"முப்பத்தோரு வருஷமா நான் தலைவனா இருக்கேன்" என்றார். "தாத்தா வரலைன்னு வெளிப்படையாச் சொன்ன ஆள் இவ ஒருத்திதான். அவர் வராமலே வந்தார்னு சொன்னவங்களை எனக்குத் தெரியும். பேரைச் சொல்லலை." இரண்டு ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். "நெருப்புக்குக் காலு வேணும், மலாமா. போய்க் காலைக் கொண்டு வா. இது பெட்டியில இருக்கும்."

மறுநாள் மாலை அவள் வழக்கம்போலச் செருப்புகளைக் காத்தாள். கிராத்ஸோ பாதத்தை நீட்டினாள். மலாமா துடைத்தாள். இந்த முறை கிராத்ஸோ ஒன்றும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று. கோடையில் எறும்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. எறும்பு குளவியானது. ஜூன் இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மலாமா சுகாதார நிலையத்துக்குள் நுழைந்து கைப்பையை மேசைமேல் வீசினாள்.

"நிறுத்துங்க! இது குணமாகுற லட்சணமா?"

"ஆமாம்" என்றாள் டாக்டர், சர்க்கரையில்லாத காபியை உறிஞ்சியபடி. "செத்துக் கிடந்த கம்பியில கரண்ட் திரும்ப வந்தா பொறி பறக்காதா? கத்துதுன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம். திரும்புங்க, ஊசி போடணும்."

வாசலில் காத்திருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. அங்கிருந்த கிழவர் ஒருவர், தன் கையும் ராத்திரியில் மரத்துப்போகிறது என்றும், உதறினால் சரியாகிறது என்றும் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். மலாமா வெளியே வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மேல படுத்து அமுக்கினா கை மரத்துப்போகும், அஞ்சு நிமிஷத்துல போயிடும். அதுக்கு யாரும் டாக்டரைத் தேட வேண்டாம். வாரக் கணக்குல இருந்தா, மேல ஏறிக்கிட்டே போனா, கையில இருக்கிற பொருள் நழுவினா, கண்ணை மூடினா தள்ளாடினா உள்ள போய்ச் சொல்லுங்க. திடீர்னு உடம்புல ஒரு பக்கம் மரத்து வாய் கோணிச்சுன்னா இங்க வந்து வரிசையில உக்காராதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. எனக்கு இருக்கிற மாதிரி புத்தி உங்களுக்கு இருக்க வேண்டாம். ஆறு மாசம் எறும்பு வளத்தேன்."

"இவளுக்கு எப்ப டாக்டர் பட்டம் கொடுத்தாங்க?" என்றார் கிழவர். ஆனால் உள்ளே போனார்.

செப்டம்பரில், குடைமிளகாய் பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மலாமா வரப்பில் பாதி வழியில் நின்றுவிட்டாள். இடது குதிகாலின் கீழே ஏதோ உறுத்தியது. கூடையை வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். பட்டாணி அளவில் ஒரு கல் உள்ளங்கையில் விழுந்தது.

அவள் அதைக் காற்றில் தூக்கிப் பிடித்தாள். "ஸ்டெர்யோ! கல்லு!"

அடுத்த வரிசையிலிருந்து அவன் ஓடி வந்தான். "யார் அடிச்சா?"

"யாரும் அடிக்கலைடா. என் பூட்ஸுக்குள்ள கல்லு! குத்துச்சு!"

அவன் கல்லை வாங்கிப் பார்த்தான், ஏதோ நகையைப் பார்ப்பதுபோல. பிறகு மிளகாய்க் காட்டின் நடுவே மண்டியிட்டு அவள் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அந்தக் கல் இப்போதும் சாமி மூலையில், தாத்தாவின் படத்தின் முன்னால் இருக்கிறது. காகிதம் மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு மாறிவிட்டது. அதன்மேல் மாத ஊசித் தேதிகளை எழுதி வைத்தாள்.

அடுத்த மே இருபத்தொன்று. பகல் முழுக்க எரிந்த ஓக் கட்டைகள் தணலாகச் சரிந்து பரந்தன. வாத்தியக்காரர்கள் முன்னே வர, படங்களைத் தாங்கிய ஒன்பது பேரும் வெறுங்காலோடு மைதானத்துக்கு வந்தார்கள். மலாமா வாளியோடும் துண்டோடும் தன் இடத்தில் நின்றாள். இந்த முறை அவளும் செருப்பைக் கழற்றியிருந்தாள். புல்லில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு புல்லின் ஈரமும் தனித்தனியாகத் தெரிந்தது. விரல் நுனிகளில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு மிச்சமிருந்தது. அது போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். டாக்டரும் அன்று கூட்டத்தில் இருந்தாள், நீட்டித்துக்கொண்ட கிராமச் சேவை முடிந்து தீவுக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் இருந்தது.

காலையில் பஸ்காலிஸ் கேட்டிருந்தார். "கூப்பிட்டாரா?"

"இல்லை மாமா. காலு அமைதியா இருக்கு. எரியலை, ஊரலை. இவ்வளவு அமைதியா இருந்து எத்தனை நாளாச்சு!"

"அப்பச் சரி" என்று பெட்டியை மூடினார் அவர்.

பறை வேகம் எடுத்தது. கிராத்ஸோ தணலைக் குறுக்கே கடந்தாள், திரும்பினாள், நடுவில் நின்று மிதித்தாள். பொறிகள் பறந்தன. அவள் குதிகால் உதைத்த கங்கு ஒன்று தணலிலிருந்து உருண்டு வெளியே வந்து புல்லில் விழுந்தது. மலாமா வாளியை நகர்த்த ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"ஐயோ! சுடுது!"

துள்ளிப் பின்னால் விழுந்தாள். வாளி கவிழ்ந்தது. பறை அடித்தவன் கை ஒரு தாளம் தப்பியது. தணலின்மேல் ஒன்பது பேர் சுடாமல் நின்றிருக்க, புல்மேல் உட்கார்ந்தபடி ஒரு பெண் பாதத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, மறுபடியும் கத்தினாள்.

"சுடுது! பஸ்காலிஸ் மாமா, சுடுது! டாக்டர், கேட்டீங்களா? சுடுதும்மா!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. முதலில் சிரித்தவர் பஸ்காலிஸ். படத்தை மார்போடு அணைத்தபடியே, "காலைக் கொண்டு வந்துட்டா!" என்று உரக்கச் சொன்னார். மைதானமே கைதட்டியது. டாக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள், கிரீட்டில் ஆடு மேய்ப்பவர்கள் அடிப்பதுபோல. ஸ்டெர்யோஸ் யாரோ முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் ஓய்ந்தபோது கிராத்ஸோ தணலிலிருந்து இறங்கி வந்தாள். மலாமா எழப்போனாள்.

"உக்காருடி."

கிராத்ஸோ கிடந்த துண்டை எடுத்தாள். வாளியின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். பிறகு, சாம்பல் அப்பிய தன் கால்களோடு புல்லில் மண்டியிட்டு, மலாமாவின் பாதத்தைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்காலின் நடுவில், காசு அளவுகூட இல்லாத ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி மெதுவாகத் துடைத்தாள்.

"அண்ணி, விடுங்க!" மலாமா காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"என்னடி, வலிக்குதா?"

"இல்லை. கூசுது."

கிராத்ஸோ காலை விடவில்லை. விரல் நுனியால் உள்ளங்காலில் இன்னொரு முறை, வேண்டுமென்றே, கோடு கிழித்தாள். மலாமா போட்ட கூச்சலில் லிராக்காரன் திரும்பிப் பார்த்தான்.